நடிப்பென்று கணக்கில் வராத நடிப்பு: கேசி மூரும் ஒரு வாட்ஸ் படமும்

தமிழில் சினிமா விமர்சனம் எழுதுகிற எல்லோரிடமும் ஒரு வரி தயாராக இருக்கும்: ‘நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்.’ நானும் இரண்டு மூன்று முறை எழுதியிருக்கிறேன். அமெரிக்க நடிகை கேசி மூர் நடித்த ஒரு சமையலறைக் காட்சியை முதல் முறை பார்த்தபோதும் இதே வரிதான் மனதில் வந்து நின்றது. இரண்டாம் முறை பார்த்தபோது கூச்சமாக இருந்தது. வாழ்ந்திருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? அவர் பாட்டுக்கு இருந்தார், கேமரா அதைப் பிடித்துக்கொண்டது என்றுதானே ஆகிறது? எழுதிக்கொடுத்த வசனத்தை நம்பாமல், ஒரே ஷாட்டில், ஏறத்தாழ பத்து நிமிடம், ஒரு கல்யாண வாழ்க்கை நூல் நூலாகப் பிரிவதை ஒருவர் செய்து காட்டுகிறார். அதைப் போய் ‘வாழ்ந்திருக்கிறார்’ என்று எழுதினால் அவர் செய்த வேலைக்குக் கூலி கொடுக்காமல் அனுப்புவது மாதிரி.

கேசி மூர் 2021 ஆகஸ்ட் 13 அன்று தன் 77ஆவது வயதில் இறந்தார். 1944இல் கன்சாஸ் சிட்டியில் பிறந்தவர். அந்த ஊர்க்காரர்கள் ஊர்ப்பெயரைக் கே.சி. என்று சுருக்கித்தான் சொல்வார்கள். அவர் பெயரும் காதுக்கு அப்படியே கேட்கும். அவர் நடித்த முழுநீளப் படங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ‘கில்லர் ஆஃப் ஷீப்’, ‘பிளெஸ் தெயர் லிட்டில் ஹார்ட்ஸ்’, ‘டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்’, ‘நைன்த் ஸ்ட்ரீட்’ என்று நான்கு. அமெரிக்காவில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வருடத்துக்கு 25 படங்களைப் பொறுக்கி, இவை பாதுகாக்கப்பட வேண்டியவை என்று தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கும். மூரின் நான்கு படங்களில் மூன்று அந்தப் பதிவேட்டில் இருக்கின்றன: 1990, 2013, 2004 ஆகிய வருடங்களில் சேர்க்கப்பட்டவை. நூறு படம் நடித்த நட்சத்திரங்களிலும் பலருக்கு இந்த விகிதம் வாய்க்காது. இருந்தும் மூரின் பெயரைச் சொன்னால் சினிமா பைத்தியங்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

இது எப்படி நடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. நான்கு படங்களையும் சமமாக அலசப் போவதில்லை. நான் பார்த்தவரை அவருடைய ஆகச்சிறந்த நடிப்பு இருப்பதும், அதிகம் பேர் பார்க்காமல் போனதும் ஒரே படம்தான்: 1983இல் முடிந்து 1984இல் வெளியே வந்த ‘பிளெஸ் தெயர் லிட்டில் ஹார்ட்ஸ்’. தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? அமெரிக்கத் தெற்கில் பாதி வாழ்த்தாகவும் பாதி இரக்கமாகவும் சொல்கிற வார்த்தை அது. ‘பாவம் அதுங்க, நல்லா இருக்கட்டும்’ என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வார்களே, கிட்டத்தட்ட அது.

வேலை போன ஊர்

வாட்ஸ் என்பது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தென்பகுதியில் இருக்கும் பேட்டை. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி மாதிரியான தென்மாநிலங்களிலிருந்து இனவெறிக்குத் தப்பியும் பிழைப்பைத் தேடியும் வந்த கறுப்பினக் குடும்பங்கள் அங்கே குடியேறின. டயர் ஆலை, கார் ஆலை, இரும்பு ஆலை என்று சுற்று வட்டாரத்தில் வேலை இருந்தது. 1965 ஆகஸ்டில் அங்கே வெடித்த கலவரம் ஆறு நாள் நீடித்து 34 பேர் உயிரிழந்தார்கள். உலகத்துக்கு வாட்ஸ் என்ற பெயர் தெரிந்தது அப்போதுதான். அதற்குப் பிறகு கேமராக்கள் போய்விட்டன. ஊர் அங்கேயேதான் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. பக்கத்து சவுத் கேட்டில் ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980இல் மூடியது, ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 1982இல் மூடியது. குட்இயர் டயர் ஆலையும் மூடிக் கிடந்தது. அதைப் படத்திலேயே பார்க்கலாம். கலவரம் என்றால் செய்தி வரும். ஒரு மனிதன் காலையில் எழுந்து, முகம் மழித்து, போவதற்கு இடமில்லாமல் உட்கார்ந்திருப்பது எந்தச் செய்தியிலும் வராது. இந்தப் படம் அந்த மனிதனைப் பற்றியது. அதைவிட, அவன் வீட்டில் இருக்கும் பெண்ணைப் பற்றியது என்று நான் சொல்வேன். ஆனால் பெரும்பாலான குறிப்புகளில் ‘வேலையில்லாத சார்லியின் கதை’ என்றுதான் இருக்கும்.

படம் எடுத்தவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில், அதாவது யூசிஎல்ஏவில் சினிமா படித்தவர்கள். அறுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகள் வரை அங்கே சேர்ந்த கறுப்பின மாணவர்கள் ஹாலிவுட்டைப் பார்த்துப் படம் எடுக்கவில்லை. இத்தாலிய நியோரியலிசம் (தெருவில் இறங்கி, சாதாரண மனிதர்களின் பாட்டைச் சொன்ன படங்கள்), லத்தீன் அமெரிக்கப் படங்கள், ஆப்பிரிக்கப் படங்கள் என்று பார்த்தார்கள். எத்தியோப்பியாவிலிருந்து வந்த தெஷோமே கேப்ரியல் என்ற ஆசிரியர் அவர்களுக்கு மூன்றாம் உலக சினிமாவை அறிமுகப்படுத்தினார். ஹைலே கெரிமா, சார்லஸ் பர்னெட், ஜூலி டாஷ், லாரி கிளார்க், பில்லி வுட்பெரி எல்லோரும் ஒருவர் படத்தில் இன்னொருவர் கேமரா பிடித்தும் ஒலி பிடித்தும் வேலை செய்தவர்கள். பின்னாளில், 1986இல், கிளைட் டெய்லர் என்ற ஆய்வாளர் இவர்களுக்கு ‘எல்.ஏ. ரெபெல்லியன்’, அதாவது லாஸ் ஏஞ்சல்ஸ் கலகம், என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் வரும்போது அவர்கள் முக்கியமான படங்கள் பலவற்றை எடுத்து முடித்திருந்தார்கள்.

‘பிளெஸ் தெயர் லிட்டில் ஹார்ட்ஸ்’ படத்தை எழுதியதும் ஒளிப்பதிவு செய்ததும் பர்னெட். இயக்கியது வுட்பெரி, அவருடைய பட்டப்படிப்புக்கான படம் அது. 16 மில்லிமீட்டர், கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. நடிகர்கள் தொழில்முறை ஆட்கள் இல்லை. மூன்று பிள்ளைகளாக நடித்ததும் பர்னெட் குடும்பத்துப் பிள்ளைகள். அதில் ஏஞ்சலா என்ற சிறுமி ‘கில்லர் ஆஃப் ஷீப்’ படத்திலும் மூரின் மகளாக வந்தவள். முந்தைய படத்தில் நாய் முகமூடி மாட்டிக்கொண்டு திரிந்த குட்டிப்பெண், இதில் அம்மாவின் முகத்தைப் படிக்கத் தெரிந்த வயதுக்கு வந்திருக்கிறாள். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே குடும்பம் வளர்ந்த மாதிரி ஒரு மயக்கம் வரும்.

பெயர் இல்லாத மனைவி

மூர் முதலில் திரையில் வந்தது ‘கில்லர் ஆஃப் ஷீப்’ படத்தில். எழுபதுகளின் தொடக்கத்தில் வார இறுதிகளில் எடுத்து, 1977இல் பர்னெட் தன் பட்டப்படிப்புக்கு ஒப்படைத்த படம். செலவு 10,000 டாலருக்கும் கீழே. நாயகன் ஸ்டான் ஆடு வெட்டும் கூடத்தில் வேலை செய்கிறவன், தூக்கம் வராதவன். அந்தப் பாத்திரத்துக்கு முதலில் நினைத்திருந்த ஆள் சிறையில் இருந்தார், பரோல் கிடைக்கவில்லை. அப்புறம் ஒரு லிஃப்டில் எதேச்சையாகச் சந்தித்த ஹென்றி ஜி. சாண்டர்ஸ் நடித்தார். இந்தக் கதையை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். மூரின் பாத்திரத்துக்குப் பட்டியலில் என்ன பெயர் தெரியுமா? ‘ஸ்டானின் மனைவி.’ அவ்வளவுதான்.

பெயர் இல்லாத அந்தப் பாத்திரத்துக்கு மூர் மூன்று காட்சிகளில் உயிர் கொடுத்திருக்கிறார். ஒன்று, ஸ்டானை ஏதோ ஒரு குற்றத்துக்குக் கூட்டுச் சேர்க்க வருகிற இரண்டு பேரை வாசற்படியில் நிறுத்தி விளாசுவது. இரண்டு, பாத்திர மூடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்வது. கண்ணாடி இல்லை, பாத்திர மூடி. சமையல் வேலைக்கு நடுவில் கிடைத்த இரண்டு நொடியில் தான் இன்னும் பார்க்கும்படி இருக்கிறோமா என்று சரிபார்க்கிறாள். மூன்று, எல்லோரும் பேசுகிற நடனக் காட்சி. டைனா வாஷிங்டன் பாடிய ‘திஸ் பிட்டர் எர்த்’ ஒலிக்க, ஜன்னல் முன்னால் இருவரும் மெல்ல ஆடுகிறார்கள். அவள் கைகள் அவன் முதுகில், தோளில் அலைகின்றன. அவன் உடம்பு இருக்கிறது, ஆள் இல்லை. பாட்டு முடிந்ததும் விலகிப் போய்விடுகிறான். அவள் ஜன்னலோரம் தனியாக நிற்கிறாள். அந்தக் காட்சியைப் புகழ்கிறவர்கள் பர்னெட்டின் சட்டகத்தையும் பாட்டையும் புகழ்வார்கள். இருவரில் ஒருவர் அசையாமல் இருக்க, மற்றவர்தான் காட்சியையே சுமக்கிறார் என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு.

காசு கைமாறும் விதம்

அடுத்த படத்தில் அவருக்குப் பெயர் கிடைத்தது: ஆண்டைஸ் பேங்க்ஸ். கணவன் சார்லி பேங்க்ஸாக நேட் ஹார்ட்மேன். படம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தொடங்குகிறது. சார்லி படிவத்தை நிரப்புகிறான், பலகையைப் பார்க்கிறான், காத்திருக்கிறான். கிடைப்பதெல்லாம் புதர் வெட்டுவது, சுவருக்கு வண்ணம் அடிப்பது போன்ற ஒரு நாள் வேலைகள். வீட்டை ஓட்டுவது ஆண்டைஸ். வேலைக்குப் போய், பஸ் ஏறி, களைத்து வந்து, அடுப்பைப் பற்ற வைக்கிறாள்.

இந்தப் படத்தில் என்னை உலுக்கிய காட்சி சண்டைக் காட்சி இல்லை, ஒரு சில்லறைக் காட்சி. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தேவாலயத்துக்குப் போகிறார்கள், காணிக்கைத் தட்டில் போடக் காசு வேண்டும். காசு ஆண்டைஸிடம்தான் இருக்கிறது. அதை அவள் பிள்ளைகளிடம் நேராகக் கொடுப்பதில்லை. யாரும் கவனிக்காதபடி சார்லியிடம் கொடுக்கிறாள், சார்லி பிள்ளைகளிடம் கொடுக்கிறான். அப்பா கையிலிருந்து காசு வந்த மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு வசனம் இல்லை, இசை இல்லை, நெருக்கக் காட்சியில் கண்ணீர் இல்லை. மூர் இதை ஏதோ உப்பு டப்பாவை நகர்த்துவது போலச் செய்துவிட்டுப் போகிறார். இதே காட்சியை வேறு யாராவது எடுத்திருந்தால் அந்தக் கை மெதுவாக நீளும், முகம் ஒரு கணம் நிற்கும், ‘பார், எவ்வளவு பெரிய மனசு’ என்று நமக்குக் குறிப்புக் கொடுத்துவிடுவார்கள். மூர் குறிப்பே கொடுப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் செய்து பழகிய கை அது. முதல் முறை பார்க்கும்போது நான் இதைத் தவறவே விட்டேன்.

சார்லி கெட்டவன் இல்லை, கோபக்காரனும் முழுதாக இல்லை. கோபத்தைப் போட இடமில்லாதவன். குளியலறைக் குழாயை அவன் அழுத்தித் திருகி மூட, பிள்ளையால் அதைத் திறக்க முடிவதில்லை. மகனின் நகம் வளர்ந்திருப்பதைப் பிடித்துக்கொண்டு, நீ ஆம்பளையா என்கிற தோரணையில் திட்டுகிறான். தன் ஆண்மைக்கு வேலையில் இடமில்லாமல் போனவன் அதைக் குழாயிலும் நகத்திலும் காட்டுகிறான். வெளியே பழைய சிநேகிதி ஒருத்தியிடம் போய் வருகிறான். ஆண்டைஸுக்குத் தெரியவருகிறது.

பத்து நிமிடம்

சமையலறை சின்னது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மூன்றாவதாகத் தோளில் கேமராவோடு பர்னெட். அவர்களிடம் இருந்த 16 மில்லிமீட்டர் கேமராவில் போடும் 400 அடி ஃபிலிம் சுருள், சாதாரண வேகத்தில் 11 நிமிடம் ஓடும். அந்தக் காட்சி ஏறத்தாழ பத்து நிமிடம். அதாவது ஒரு சுருள் முழுக்க ஒரே சண்டைக்கு. காசில்லாத மாணவர் படத்தில் இது சின்ன முடிவு இல்லை. ஒன்பதாவது நிமிடத்தில் யாராவது தடுமாறினால் சுருள் மொத்தமும் போச்சு.

ஹார்ட்மேனும் மூரும் அந்தச் சண்டையை அப்போதைக்கப்போது உருவாக்கிப் பேசினார்கள். எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தெரியும், நடுவில் வருகிற வார்த்தைகள் அவர்களுடையவை. கவனித்துப் பார்த்தால் மூர் என்ன செய்கிறார் என்பது தெரிகிறது. முதலில் குரல் உயர்வதில்லை. கேள்வி கேட்கிறார், பதில் வருவதற்குள் அதே கேள்வியை இன்னொரு விதமாகக் கேட்கிறார். வாக்கியத்தைப் பாதியில் விடுகிறார். விட்ட வாக்கியத்தை இரண்டு நிமிடம் கழித்து எடுத்து முடிக்கிறார். சார்லி பேச்சைத் திசைதிருப்பினால் அந்தத் திசையில் கொஞ்சம் போய், திரும்பவும் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறார். களைப்பு என்ற ஒரே விஷயத்தை எத்தனை முறை சொல்கிறார் என்று எண்ணத் தொடங்கி நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அது வேறு களைப்பு: முதலில் வேலைக் களைப்பு, அப்புறம் வீட்டுக் களைப்பு, அப்புறம் இந்த மனிதனைச் சமாளிக்கிற களைப்பு, கடைசியில் சொல்லிச் சொல்லியே வந்த களைப்பு.

நிஜ வீட்டுச் சண்டையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் நல்ல வசனம் இருக்காது. சொன்னதையே சொல்வார்கள், சம்பந்தமில்லாத பழைய கணக்கு ஒன்று நடுவில் வரும், வெற்றி தோல்வி என்று எதுவும் இருக்காது. எழுத்தாளர் எழுதிய சண்டையில் யாராவது ஒருவர் கடைசி வார்த்தை சொல்லிவிட்டுக் கதவை அறைவார். இங்கே அது இல்லை. இங்கேதான் ‘வாழ்ந்திருக்கிறார்’ என்ற வரி நம்மை ஏமாற்றுகிறது. சமையலறையில் சண்டை போடுகிற பெண்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மூன்றடி தூரத்தில் ஒருவர் கேமராவோடு நகர்ந்துகொண்டிருக்க, எதிரே நிற்பவர் அடுத்து என்ன சொல்வார் என்று தெரியாமல், கதைக்குத் தேவையான திருப்பங்களையும் தவறவிடாமல், சுருள் தீர்வதற்குள் முடிக்கிற பெண்கள் எத்தனை பேர்?

எனக்கு இதில் சந்தேகமே வராமல் போனதற்கு இன்னொரு காரணம் மூரின் அடுத்த படம். ஜூலி டாஷ் இயக்கிய ‘டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்’ 1991இல் வந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஒருவர் இயக்கி அமெரிக்கத் திரையரங்குகளில் பொதுவாக வெளியான முதல் முழுநீளப் படம் என்று அதைச் சொல்வார்கள். கதை நடப்பது 1902இல், தெற்குக் கரோலினா பக்கத்துத் தீவு ஒன்றில். மூருக்கு ஹாகர் என்ற பாத்திரம்: அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள், பாட்டியின் வேர், தாயத்து, முன்னோர் நினைவு எதையும் மதிக்காதவள், மகள்களைக் கூட்டிக்கொண்டு எப்படியாவது தீவை விட்டு வெளியேறத் துடிப்பவள். கடைசியில் படகு கிளம்பும் நேரம் மகள் ஒருத்தி செரோக்கீ என்ற பூர்வகுடி இளைஞனின் குதிரையில் ஏறிப் போய்விட, ஹாகர் படகிலிருந்து கத்துகிறாள். நாக்கில் விஷம் உள்ள பெண். ஆண்டைஸின் பொறுமை ஒரு துளிகூட இல்லை. வாட்ஸில் ‘வாழ்ந்தவர்’ 1902இன் தீவிலும் வாழ்ந்தாரா என்ன? டாஷ் தன் படத்துக்கு, சக மாணவர்களின் படங்களில் நடித்த கோரா லீ டே, பார்பரா-ஓ, கேசி மூர் ஆகியோரைத் தேடிப் பிடித்து நடிக்க வைத்தார். அந்த நடிகைகள் என்ன செய்யக்கூடியவர்கள் என்பது அந்தச் சின்ன வட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

ஏன் யாரும் பார்க்கவில்லை

‘யாரும்’ என்பது கொஞ்சம் மிகைதான். 1984இல் பெர்லின் திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டு, கிறித்தவத் திரைப்பட அமைப்புகளின் நடுவர் பரிசு கிடைத்தது. விழாக்களுக்குப் போனது, பல்கலைக்கழக வகுப்பறைகளுக்குப் போனது. அதற்கு மேல் போகவில்லை.

‘கில்லர் ஆஃப் ஷீப்’ மறைந்து கிடந்ததற்குத் தெளிவான ஒரு காரணம் உண்டு: பாட்டு. பர்னெட் தனக்குப் பிடித்த பாடல்களை எல்லாம் உரிமை வாங்காமல் போட்டுவிட்டார், வகுப்புக்குக் காட்டுகிற படம்தானே என்று. பின்னாளில் அந்த உரிமைகளை வாங்க 1,50,000 டாலர் ஆனது. படம் எடுத்த செலவைப்போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். ‘பிளெஸ் தெயர் லிட்டில் ஹார்ட்ஸ்’ கதை அப்படி ஒரே முடிச்சில் அடங்காது. 16 மில்லிமீட்டர் படத்தைச் சாதாரணத் திரையரங்கு ஓட்டாது, 35க்குப் பெரிதாக்கக் காசு வேண்டும். படத்தில் தெரிந்த முகம் இல்லை. விநியோகஸ்தரிடம் இரண்டு வரியில் சொல்லி விற்கக்கூடிய கதை இல்லை.

அதைவிடப் பெரிய தடை, அந்தப் படத்துக்கென்று ஒரு பெட்டி இல்லாதது. கறுப்பின நாயகர்களை வைத்து எழுபதுகளில் வந்த ‘பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்’ சண்டைப் படங்களின் அலை ஓய்ந்திருந்தது. 1986இல் ஸ்பைக் லீ சிறு முதலீட்டில் எடுத்த படம் ஓடிய பிறகுதான் கறுப்பினச் சுயாதீனப் படத்துக்குச் சந்தை உண்டு என்று தொழில்துறை நம்பத் தொடங்கியது. வுட்பெரியின் படம் அதற்கு இரண்டு வருடம் முந்தி வந்துவிட்டது. 1991இல் ஜான் சிங்கிள்டனின் ‘பாய்ஸ் என் த ஹூட்’ தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸைத் திரையில் நிலைநிறுத்தியது, ஆனால் துப்பாக்கியோடு. அது நல்ல படம், அதில் எனக்குச் சண்டையில்லை. அதற்கப்புறம் அந்த ஊரைப் பற்றிப் படம் என்றாலே அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கும்பல் இல்லாத, துரத்தல் இல்லாத, கணவன் மீன் விற்கப் போய் மனசு கேட்காமல் பாதியில் நடந்து போய்விடுகிற ஒரு தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் படத்தை எங்கே வைப்பது?

1984இல் அதே நகரத்தில் ஒலிம்பிக்ஸ் நடந்தது என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கிறேன். ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை உலகத்தின் கேமராக்கள் எல்லாம் லாஸ் ஏஞ்சல்ஸில். தொடக்க விழா நடந்த கோலிசியம் மைதானத்திலிருந்து வாட்ஸ் சில மைல் தூரம்தான்.

இன்னொன்றும் உண்டு. தொழில்முறை சாராத நடிகர்களை வைத்து எடுத்த படத்தைப் பற்றி எழுதும்போது எல்லாப் பெருமையும் இயக்குநருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் போய்விடும். பர்னெட்டுக்கு 1988இல் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் நிதி கிடைத்தது, 2017இல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. இரண்டும் அவருக்கு உரியவை, அதுவும் தாமதமாக வந்தவை. வுட்பெரிக்கு அதுகூட இல்லை. அவர் கலிஃபோர்னியா கலைக் கல்லூரி ஒன்றில் வருடக்கணக்கில் பாடம் எடுத்தார். அடுத்த முழுநீளப் படத்தைக் கொண்டுவர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. பாப் காஃப்மேன் என்ற கவிஞரைப் பற்றி 2015இல் வந்த ஆவணப்படம் அது. நடிகைக்கோ ‘இயல்பு’ என்ற ஒற்றைச் சொல்தான் மிச்சம். இயல்பாக இருப்பவரை அடுத்த படத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? நடிக்கத் தெரிந்தவரைத்தானே கூப்பிடுவார்கள்.

திரும்பி வந்த வருடங்கள்

படத்துக்கு மறுபடி கதவு திறந்ததில் இன்னொரு படத்துக்குப் பங்கு உண்டு. தாம் ஆண்டர்சன் 2003இல் முடித்த ‘லாஸ் ஏஞ்சல்ஸ் பிளேஸ் இட்செல்ஃப்’ ஒரு நீண்ட கட்டுரைப் படம். ஹாலிவுட் தன் சொந்த ஊரைத் திரையில் எப்படியெல்லாம் தப்பாகக் காட்டியது என்பதை நூற்றுக்கணக்கான படத்துண்டுகளால் சொல்கிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் போட்டுத் தாக்கிவிட்டு, கடைசியில் அது போய் நிற்பது வாட்ஸ் படங்களில். மூடிக் கிடக்கும் குட்இயர் ஆலையைத் தாண்டி சார்லியின் பார்வை நகர்கிற இடத்தோடு முடிகிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இது எந்தப் படம் என்று தேடிப் போனவர்கள் நிறையப் பேர். நானும் அந்தக் கணக்குத்தான்.

யூசிஎல்ஏ ஆவணக் காப்பகத்தில் ராஸ் லிப்மன் என்பவர் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ படத்தையும் பிறகு இந்தப் படத்தையும் மீட்டெடுத்தார். 2007இல் மைல்ஸ்டோன் என்ற சிறு நிறுவனம் முதல் படத்தை, எடுத்து முப்பது வருடம் கழித்து, திரையரங்குக்குக் கொண்டுவந்தது. பாட்டு உரிமைக்கு இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் பண உதவி செய்தார். 2011இல் அதே காப்பகம் ‘எல்.ஏ. ரெபெல்லியன்’ படங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் காட்டியது. 2013இல் ‘பிளெஸ் தெயர் லிட்டில் ஹார்ட்ஸ்’ பதிவேட்டில் ஏறியது. 2016இல் பாடகி பியான்சேயின் ‘லெமனேட்’ இசைப்படக் காட்சிகள் ‘டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்’ படத்தை நினைவூட்டுகின்றன என்று பேச்சு கிளம்ப, அது புதுப்பொலிவோடு வெளியானது. அடுத்த வருடமே மைல்ஸ்டோன் ஆண்டைஸையும் சார்லியையும் திரைக்குக் கொண்டுவந்தது.

2007, 2016, 2017. மூன்று முறை கேசி மூரின் முகம் பெரிய திரைக்குத் திரும்பி வந்தது, மூன்றும் அவர் உயிரோடு இருந்தபோது. எழுபதுகளில் நடித்ததை அறுபது வயதிலும், எண்பதுகளில் நடித்ததை எழுபது வயதிலும் புது ஆட்கள் பார்த்தார்கள். இதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா, வயிற்றெரிச்சலாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. நடுவில் போன வருடங்களில் அவர் நடிக்காத படங்களை எந்தக் காப்பகமும் மீட்டெடுக்க முடியாது.

2025இல் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ மறுபடியும், இன்னும் துல்லியமாகச் சீரமைக்கப்பட்டு வெளியானது. 2007இல் உரிமை கிடைக்காமல் கடைசிக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டிருந்த டைனா வாஷிங்டனின் ‘அன்ஃபர்கெட்டபிள்’ பாடல் பழைய இடத்துக்கே திரும்பியது. மூர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நடிகர் பட்டியலில் அவர் பாத்திரத்தின் பெயர் இப்போதும் ‘ஸ்டானின் மனைவி’தான்.